சுண்ணாம்பை எண்ணாமல் கந்தகம் போடாதீர்கள்

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் 3 சென்ட் மனை. வீடு போக, பாத்தி என்று கணக்கெடுத்தால் 1 சென்ட் தேறும். ரோஜா, இட்லிப்பூ, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாவற்றிலும் கொழுந்து மஞ்சளடிக்கிறது. மண் பரிசோதனையில் பிஎச், அதாவது மண்ணின் அமில-கார அளவு, 8.3 வந்திருக்கிறது. பாய்ச்சுவது போர்த் தண்ணீர். உரக்கடையில் 90 சதவீத பென்டோனைட் கந்தகம் 10 கிலோ கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு போடுவது, எப்போது, எப்படி?

மூட்டையைப் பிரிக்காமல் ஒரு ஓரமாக வையுங்கள். அந்த 10 கிலோ உங்களுக்குப் போதுமா, அதிகமா, இல்லை வீணா என்பதை 8.3 என்ற எண் சொல்லாது. மண்ணில் சுண்ணாம்பு கல்லாகவும் தூளாகவும் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் சொல்லும். அதை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் இருந்து கைப்பிடி மண் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கட்டியை நசுக்கி, வெள்ளைக் கல் இருந்தால் பொறுக்கித் தனியே வையுங்கள். இரண்டு ஸ்பூன் மண்ணைக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள், எவர்சில்வர் வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இந்தக் கலவையைப் பத்துச் சொட்டு மண்ணில் விட்டு, முதலில் காதைக் கொடுங்கள், பிறகு கண்ணை. குனிந்து முகர வேண்டாம்.

சத்தமும் இல்லை, குமிழியும் இல்லை என்றால் தனிச் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. காதில் மட்டும் லேசாகச் சுர்ரென்று கேட்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் 2 சதவீதத்துக்குள் இருக்கிறது. குமிழி குமிழியாகக் கிளம்பினால் 2 முதல் 10 சதவீதம். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரை கட்டினால் அதற்கும் மேல். தனியே பொறுக்கிய வெள்ளைக் கல்லிலும் இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கினால் அது சுக்கான் கல், பொங்காவிட்டால் வெறும் வெங்கச்சங்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி செம்மண்ணில் இந்த இரண்டும் கலந்தே கிடக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இந்தச் சோதனையை ஓரிடத்தில் மட்டும் செய்தால் போதாது. வீட்டுச் சுவர் ஓரம் ஒன்று, பாத்தி நடுவில் ஒன்று, எலுமிச்சை மரத்தடியில் ஒன்று என மூன்று இடமாவது பாருங்கள். வீடு கட்டியபோது சிமெண்ட் குழைத்த இடம், பூச்சு உதிர்ந்த இடம், இடிசல் போட்டு நிரப்பிய இடம், பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தது வழிந்து இறங்கிய சுவரடி, இவையெல்லாம் மண்ணின் குணம் அல்ல, மனிதன் சேர்த்தது. சுவரிலிருந்து இரண்டடிக்குள் இருக்கும் இட்லிப்பூ மட்டும் மஞ்சளாகி, தள்ளி இருப்பது பச்சையாக இருந்தால் காரணம் இதுதான். அங்கே கந்தகத்தைத் தேட வேண்டாம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி வெளியே போட்டு, நல்ல செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்புவது மலிவு, விரைவும்கூட.

அரசு மண் பரிசோதனை நிலைய அறிக்கை கையில் இருந்தால், பிஎச்சுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். பலர் தழை, மணி, சாம்பல் சத்து எண்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். உங்கள் கேள்விக்கு விடை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இல்லையென்றால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, தருமபுரிப் பக்கத்துக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து, சுண்ணாம்பையும் சேர்த்துப் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இனி கணக்கு. கந்தகம் மண்ணில் தானாக எதுவும் செய்யாது. தயோபேசில்லஸ் வகை பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து ஜிப்சம் ஆக்கும், கரியமில வாயு வெளியேறும். எடைக்கு எடை பார்த்தால் 1 கிலோ சுத்தக் கந்தகம் ஏறக்குறைய 3.1 கிலோ சுண்ணாம்பைத் தீர்க்கும். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 210 கிலோ எடை இருக்கும். அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 2.1 கிலோ. அதைத் தீர்க்க 670 கிராம் கந்தகம். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர், ஆக 27 கிலோ. சுண்ணாம்பு 5 சதவீதம் என்றால் சென்டுக்கு 135 கிலோ, ஏக்கருக்கு 13 டன்னைத் தாண்டும். உங்கள் கையில் இருப்பது 10 கிலோ மூட்டை.

இதில் இன்னொரு பிடி இருக்கிறது. சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய பிஎச்சும் அதற்கேற்பக் குறைந்து வரும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. கடைசிப் பொட்டுச் சுண்ணாம்பு தீரும் வரை மண் 8 முதல் 8.3-இலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் குமிழி வரும் மண்ணில் கந்தகம் போட்டவர்கள் ஆறு மாதம் கழித்துச் சோதித்து, போலிச் சரக்கைத் தள்ளிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சரக்கு நன்றாகவே இருந்திருக்கலாம், வேலையும் செய்திருக்கலாம். இருக்கும் சுண்ணாம்பில் இருபதில் ஒரு பங்கைத்தான் அது தொட்டிருக்கும்.

ஆக, குமிழி கிளம்பினால் பாத்தி முழுவதையும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேர் இருக்கும் சின்ன இடத்தை மட்டும் மாற்றலாம், அதைக் கீழே சொல்கிறேன். குமிழியே இல்லை என்றால் மூட்டையைப் பிரிக்கலாம்.

குமிழி வராத மண்ணில் எவ்வளவு தேவை என்பது களியின் அளவைப் பொறுத்தது. பிஎச் ஒரு புள்ளி குறைய, மணல் கலந்த செம்மண்ணுக்கு சதுர மீட்டருக்கு 55 கிராம் கந்தகம், நடுத்தரச் செம்மண்ணுக்கு 90, கரிசல் போன்ற கனத்த மண்ணுக்கு 110 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இது 7.5-இல் இருந்து 6.5-க்கு வர. 8-இல் இருந்து 6.5-க்கு என்றால் முறையே 135, 170, 225 கிராம் ஆகும். ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் 6.8 வந்தாலே போதும், 6-க்கு இழுக்க வேண்டியதில்லை.

எந்த மண்ணாக இருந்தாலும் ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம்தான் உச்சம். செடி ஏற்கெனவே நிற்கும் பாத்தி என்றால் 50 கிராமோடு நிறுத்துங்கள். மணல்பாங்கான செம்மண்ணுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதற்குத் தாங்கும் சக்தி குறைவு. 8-இல் இருந்த மண் ஒரே மழைக்காலத்தில் 5-க்கு இறங்கிவிடும். அப்போது மாங்கனீசும் அலுமினியமும் கரைந்து வேரைச் சுடும், இலை ஓரம் கருகும், நுனி வேர் கட்டையாகிவிடும். அப்புறம் சுண்ணாம்பு வாங்கிப் போட வேண்டிவரும். கந்தகத்துக்கும் செலவு, அதை முறிக்கவும் செலவு.

உங்கள் 1 சென்டுக்கு, காலிப் பாத்தியாக இருந்தால், சதுர மீட்டருக்கு 100 கிராம் என்ற கணக்கில் 4 கிலோ சுத்தக் கந்தகம். 90 சதவீதச் சரக்கில் அது நாலரைக் கிலோ. செடி நிற்கிற பாத்தி என்றால் இரண்டேகால் கிலோ. மீதியை மூட்டையிலேயே கட்டி வையுங்கள். அடுத்த சோதனை வரும்வரை தொட வேண்டாம்.

பென்டோனைட் கந்தகம் என்பது துவரம்பருப்பு மாதிரி சின்னச் சின்ன வில்லையாக இருக்கும். கந்தகத்தை உருக்கி, நீரில் ஊதிப் பெருகும் பென்டோனைட் களியோடு சேர்த்து வார்த்தது. ஈரம் பட்டால் களி ஊதி, வில்லையை உடைத்துத் தூளாக்க வேண்டும். வாங்கியதும் பத்து வில்லையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரம் உதிர ஆரம்பித்து, மறுநாள் காலைக்குள் குழைந்த கூழாக அடியில் உட்கார வேண்டும். கூழாங்கல் போல் அப்படியே கிடந்தால் அது மண்ணிலும் அப்படியேதான் கிடக்கும். வில்லைகளைக் காய்ந்த மண்ணின் மேல் தூவிவிட்டுப் போனாலும் இதே கதி. மூன்று மாதம் கழித்துக் கொத்தினால் மஞ்சள் மஞ்சளாகக் கையில் வரும். அதனால் தோட்ட அளவுக்கு ஒரு வேலை செய்யுங்கள்: வில்லைகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் குழைத்து, பத்து மடங்கு மட்கிய தொழு உரத்தில் பிசைந்து போடுங்கள். தூள் சீராகப் பரவும், பாக்டீரியாவுக்கும் தீனி கிடைக்கும்.

சாம்பல் நோய்க்குத் தெளிக்கிற 80 சதவீத நனையும் கந்தகத்தையும் மண்ணில் போடலாம். துகள் மிக நைசாக இருப்பதால் வேகமாக வேலை செய்யும், ஆனால் காசு அதிகம். பத்துப் பதினைந்து தொட்டிக்கு அதுவே சௌகரியம். ஒரு சென்டுக்கு வேண்டாம்.

ஜிப்சத்திலும் கந்தகம் இருக்கிறது, அதைப் போட்டால் பிஎச் குறையாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சுண்ணாம்பு மண்ணில் குறையாது. அதில் இருக்கும் கந்தகம் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, அமிலமாக மாற ஒன்றும் பாக்கி இல்லை. பிஎச் 8.5-ஐத் தாண்டி 9, 9.5 என்று காட்டும் களர் நிலத்தில் கதை வேறு. அங்கே குற்றவாளி சோடியம், ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து அதைத் தள்ளி வெளியேற்றும். உங்களுடையது 8.3, அதனால் களர் பேச்சை இப்போதைக்கு விடலாம்.

எப்போது போடுவது? பாக்டீரியாவுக்கு மூன்று வேண்டும்: ஈரம், காற்று, வெதுவெதுப்பு. மண்ணின் சூடு 25 முதல் 35 டிகிரி இருந்தால் கந்தகம் நன்றாக மாறும். பங்குனி, சித்திரையில் சூடு இருக்கும், ஈரம் இருக்காது. மார்கழி, தையில் ஓசூர், தளிப் பக்கம் ஈரம் இருந்தாலும் குளிர் அடிக்கும், வேலை மந்தமாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தோதான நேரம் வைகாசிக் கடைசியில் விழும் முதல் மழைக்குப் பிறகுதான். ஆடிப்பட்டத்துக்கு நடவு வைத்திருந்தால் அதற்கு நான்கைந்து வாரம் முன்பே கந்தகம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆனியில் போட்டால் புரட்டாசி முடிவதற்குள் பெரும்பகுதி மாறிவிடும்.

பாத்தியைக் கொத்தி, எரு கலந்த கந்தகத்தைப் பரப்பி, 10 முதல் 15 செ.மீ. ஆழம் வரை மண்வெட்டியால் புரட்டிக் கலந்துவிடுங்கள். மேலே தூவி விடுவதில் பாதிப் பலன்கூட இல்லை. பிறகு மூடாக்கு போட்டு, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. காற்றில்லாத சேற்றில் வேறு பாக்டீரியா கிளம்பி, மண்ணில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். மண் கறுத்து அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான், வேருக்கு அது விஷம். வடிகாலைத் திறந்து, மண்ணைக் காயவிட்டுக் கொத்திவிடுங்கள்.

சமையலறைச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் ரோஜாவுக்குப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சாம்பல் நல்ல உரம்தான், ஆனால் காரம். ஒரு பக்கம் கந்தகம் போட்டு மறுபக்கம் சாம்பல் கொட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொள்ளும். வீட்டில் பெரியவர்கள் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள். அதில் தப்பில்லை. ஒரு லிட்டர் மோரில் லாக்டிக் அமிலம் 10 கிராம் இருந்தால், அது ஐந்தாறு கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும், அவ்வளவே. வேரடியில் கொஞ்ச நாளைக்கு இரும்பு இளகும், இலை சற்றுப் பச்சை காட்டும். மண்ணை மாற்றும் சரக்கு அது இல்லை.

இப்போது தண்ணீர். கந்தகம் போட்டும் பலிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போர்த் தண்ணீரில் பைகார்பனேட் என்ற காரப் பொருள் கரைந்திருக்கும். சுண்ணாம்புக் கணக்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்கு 5 லிட்டர், வருடத்தில் 200 நாள் ஊற்றினால் 1000 லிட்டர். அதில் 300 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் மண்ணில் இறங்குகிறது. அதை முறிக்க மட்டும் 96 கிராம் கந்தகம் வேண்டும். அதாவது நீங்கள் ஆனியில் போட்ட 100 கிராமை அடுத்த ஆனிக்குள் உங்கள் போரே தின்றுவிடும். கந்தகம் ஒரு முறை போட்டு முடிக்கும் வேலை இல்லை, வருடாந்திரச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டினால் சுண்ணாம்புத் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். படிவம் கட்டாத தண்ணீரும் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடை மனதில் வைத்து வந்ததுதான். ஃபுளோரைடு மிகுந்த நீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாகவும், சோடியமும் பைகார்பனேட்டும் அதிகமாகவும் இருக்கும். பானையில் படியாது, மண்ணில் மட்டும் வேலையைக் காட்டும், பிஎச்சை 8.5-க்கு மேல் தள்ளும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (RSC) என்ற எண்ணைப் பாருங்கள். 1.25-க்குள் என்றால் கவலையில்லை. 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பாய்ச்சுவது மண்ணைக் களராக்கும். அங்கே முதல் மருந்து ஜிப்சம்.

தொட்டிச் செடிக்கு மழைநீரே போதும், முடிந்தவரை பிடித்து வையுங்கள். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டர் விழுகிறது. மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்திருந்தால் முதல் இரண்டு மழையைப் பிடிக்காதீர்கள்.

சரி, சோதனையில் குமிழி பொங்கியது என்று வையுங்கள். அப்போது செடிக்குச் செடி வழி வேறு.

முதலில் மஞ்சள் எப்படிப்பட்டது என்று பாருங்கள். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வலை பின்னியது போலத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. நீங்கள் சொல்வது இதுதான் போலிருக்கிறது. அடி இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. அடி இலையில் நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம். எலுமிச்சையில் இலை சிறுத்து, கொத்துக் கொத்தாகக் கூடி, நடுவில் மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகம். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும், செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். செடி உறிஞ்சும் வடிவில் அது இருக்காது.

அவசரத்துக்கு இலைவழி கொடுங்கள். 1 லிட்டர் மழைநீரில் 1 கிராம் எலுமிச்சை உப்பை முதலில் கரைத்து, பிறகு 5 கிராம் பெரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி. அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், காவி நிறத்தில் தூளாகிவிட்டது பழசு. கரைசல் டீ நிறத்துக்குத் திரும்பினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, கொழுந்தின் அடிப்புறமும் நனைய, 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. தெளித்த இலை பச்சையாகும், அடுத்து வரும் கொழுந்து மறுபடி மஞ்சளாக வரலாம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், இலைவழிக் கொடுப்பதன் எல்லை அது. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் நேராகத் தூவுவதுதான் வீண். சில நாளில் துருவாகி மண்ணோடு மண்ணாகிவிடும்.

மண்வழி இரும்பு கொடுக்க வேண்டுமென்றால் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பு துருவாகாமல் பிடித்து வைக்க அதோடு சேர்த்திருக்கும் பொருளின் பெயர் அதில் இருக்கும். கடையில் சுலபமாகக் கிடைப்பது இடிடிஏ (EDTA) இரும்பு. பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அது பிடியை விட ஆரம்பிக்கும். டிடிபிஏ (DTPA) 7.5 வரை தாங்கும். 8.3-இல் நிற்கக்கூடியது இடிடிஎச்ஏ (EDDHA) மட்டுமே. தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறு மாதிரி ஆழ்ந்த சிவப்பாகக் கரையும். விலை கூடுதல்தான். ஆனால் மலிவு என்று இடிடிஏவைச் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றுவது அதைவிடச் செலவு.

எலுமிச்சை போன்ற நின்ற மரத்துக்கு உங்கள் மூட்டை இங்கேதான் உதவும். கிளை விரிந்து நிழல் முடியும் வட்டத்தில், இரண்டடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் குழி போடுங்கள். ஓர் அடி ஆழம், கை நுழையும் அகலம் இருந்தால் போதும். ஒரு குழிக்குக் கந்தகம் 25 கிராம், அன்னபேதி 25 கிராம், மட்கிய எரு 250 கிராம் கலந்து நிரப்பி, மேலே மண் மூடி நீர் விடுங்கள். மரத்தைச் சுற்றியுள்ள மண் 8.3-ஆகவே இருக்கும். அந்த எட்டுப் பத்துக் குழிக்குள் மட்டும் அமிலமாகும். நுனி வேர் அங்கே போய் இரும்பை எடுத்துக்கொள்ளும். தண்டை ஒட்டிக் குழி போடாதீர்கள், தடித்த வேர் வெட்டுப்படும். அடுத்த வருடம் பழைய குழிகளுக்கு நடுவில் புதிதாகப் போடுங்கள்.

இட்லிப்பூவைச் சுண்ணாம்புத் தரையில் வைத்துக்கொண்டு போராட வேண்டாம். தொட்டிக்கோ, ஓர் அடி உயர்த்திக் கட்டிய பாத்திக்கோ மாற்றிவிடுங்கள். குமிழி வராத செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, எரு ஒரு பங்கு. இந்தக் கலவை 10 கிலோவுக்கு 5 கிராம் நனையும் கந்தகம், அதற்கு மேல் வேண்டாம். ரோஜாவுக்குப் புதிதாகக் குழி எடுத்தால் ஒன்றரை அடி கனத்துக்கு இதே கலவையை நிரப்பலாம். உரத்தில் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட்டைப் பிடியுங்கள். 1 கிலோ ஏறக்குறைய 1.1 கிலோ சுண்ணாம்பை முறிக்கும், தழைச்சத்தும் கிடைக்கும். மண்ணுக்கு மேலே போட்டுவிட்டால் சுண்ணாம்பு பட்டு அம்மோனியா ஆவியாகிவிடும், கொத்தி மூடி நீர் விடுங்கள்.

கறிவேப்பிலைக்குக் குழியும் வேண்டாம். மூடாக்கு, எரு, மாதம் ஒரு முறை இலைவழி இரும்பு போதும். முருங்கை, சப்போட்டா, நெல்லி, மாதுளை இருந்தால் 8.3-ஐப் பற்றிக் கவலையே பட வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பல இடங்களில் செம்மண் நடுநிலையோ லேசான அமிலமோதான். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நீங்களும் கந்தகம் போட்டால் மண் கெட்டுவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. கந்தகத் தூள் கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, காற்று வீசாத காலையில் கலக்குங்கள். மூட்டையை வைக்கிற அறையில் சொட்டுநீருக்கு வாங்கிய 13-0-45 இருந்தால் உடனே பிரித்து வையுங்கள். அது பொட்டாசியம் நைட்ரேட், வெடியுப்பு. அதோடு கந்தகமும் அடுப்புக் கரியும் சேர்ந்தால் வெடிமருந்துக்கு வேறொன்றும் பாக்கி இல்லை. பீடியோடு அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது.

ஐப்பசி பிறந்ததும் அதே இடங்களில் மண் எடுத்து மறுபடி பாருங்கள். இரண்டு முனைக் கம்பி குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம், அது ஈரத்துக்கு ஏற்ப ஆடும். 20 கிராம் மண்ணில் 50 மி.லி. பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், பேட்டரி ஆசிட் அல்ல) ஊற்றி, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, பேனா மாதிரி வரும் டிஜிட்டல் மீட்டரை பிஎச் 7 பஃபரில், அதாவது அளவு மாறாத சரிபார்ப்புக் கரைசலில், சரிபார்த்துவிட்டு விடுங்கள். 7.5-க்குக் கீழே வந்திருந்தால் கந்தகத்தை இந்த வருடத்துக்கு நிறுத்திவிடுங்கள். 7.5-க்கும் 8-க்கும் நடுவில் என்றால் மிச்ச மூட்டையில் இருந்து சதுர மீட்டருக்கு இன்னொரு 50 கிராம், அடுத்த ஆனியில். 8.2-லேயே நிற்கிறதென்றால் ஆசிட் சோதனையில் ஏதோ இடத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை எலுமிச்சைக் குழிகளுக்கு வைத்துக்கொண்டு, இட்லிப்பூவுக்குத் தொட்டி வாங்குங்கள்.